பெரிய டிரம் எல்லாருக்கும் கிடைக்காது

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கும். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, பேண்டில் சேர ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. மதிய மணி அடிப்பதற்குள் அறுபது பெயர் சேர்ந்துவிடும். ஆகஸ்டு 15 காலையில் கொடிக்கம்பத்தடியில் நிற்பது இருபது பேர்தான். மீதி நாற்பது பேர் எந்த வாரத்தில், எதற்காகக் கழன்றார்கள் என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்து ஆர்.சி. பள்ளிகளில் பேண்டு மாஸ்டராகவே தலை நரைத்தவன் நான். இப்போது குச்சியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டேன். இந்த வருஷம் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கும், சாயங்காலம் அவர்களைக் கூட்டிப்போக வந்து கேட்டில் நிற்கும் வீட்டாருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. பெரிய டிரம்மைக் கேட்காதீர்கள். அறுபது பேரும் அதைத்தான் கேட்பார்கள். அது ஒன்றுதான் இருக்கிறது. தோளில் மாட்டினால் மோவாய் அதற்கு மேலே தெரிய வேண்டும். தெரியாத பிள்ளைக்கு முன்னே போகிறவன் முதுகுகூடக் கண்ணில் படாது. பியூகிள் வேண்டும் என்கிறவர்கள் வாயைத் திறந்து காட்டுங்கள். முன்பற்கள் விழுந்து, புதுப்பல் முழுசாக முளைத்திருக்க வேண்டும். ஆடுகிற பல்லின் மேல் பித்தளையை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். பல் முளைக்கும்வரை முக்கோணம் அடியுங்கள். "டிரையாங்கிளா" என்று முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. பதினாறு எண்ணி ஒரு தட்டு, மறுபடி பதினாறு எண்ணி ஒரு தட்டு. அந்தப் பதினாறை விடாமல் எண்ணத் தெரிந்த பிள்ளையிடம் அடுத்த வருஷம் எதைக் கொடுத்தாலும் வாசிக்கும்.

2. இடது கால் தரையில் விழும்போது பெரிய டிரம்மில் தட்டு விழும். வலது கால் தானாக வரும். இதைக் கையில் எதுவும் இல்லாமல் இரண்டு வாரம் மைதானத்தைச் சுற்றி நடந்தே படிக்க வேண்டும். நாற்பதில் பாதிப் பேர் இந்த இரண்டு வாரத்தில்தான் போகிறார்கள். "மாஸ்டர் வாத்தியமே தர மாட்டேங்கிறார்" என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்பார்கள். நடக்கத் தெரியாதவனுக்கு வாத்தியம் கொடுத்தால் அவன் வாத்தியத்தைத்தான் பார்ப்பான், காலைப் பார்க்க மாட்டான். பட்டாளத்தில் நிமிஷத்துக்கு 120 அடி வைப்பார்கள். நம் பிள்ளைகளின் கால் குட்டை. வேகத்துக்காக ஓட வேண்டாம். வரிசையில் இருக்கிற மிகச் சின்னப் பிள்ளை எட்டி வைக்க முடிகிற அடிதான் மொத்தப் பேண்டின் அடி.

3. சைடு டிரம் குச்சியை இடது கையில் மட்டும் ஏன் உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் ஒருவன் கேட்பான். கேட்கிறவன் நல்ல பிள்ளை. வாரை வலது தோளில் மாட்டினால் டிரம் இடது தொடைப் பக்கம் சரிந்து தொங்கும். சரிந்த தோலை மேலிருந்து அடிக்க இடது மணிக்கட்டை அப்படித் திருப்பினால்தான் எட்டும். நடந்துகொண்டே அடித்தவர்கள் கண்டுபிடித்த பிடி அது.

வீட்டில் டிரம் கிடையாது, தேவையும் இல்லை. சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒரு சாண் வாங்கி, பலகையில் இழுத்து ஆணி அடித்துக்கொள்ளுங்கள். வலது கை இரண்டு, இடது கை இரண்டு. "டாடி, மம்மி" என்று வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். முதலில் நத்தை மாதிரி. இரண்டாவது தட்டும் முதல் தட்டும் ஒரே கனத்தில் விழுகிறதா என்று காதால் பாருங்கள். தினம் பத்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் அடிப்பவனின் கை திங்கட்கிழமை வலிக்கும், செவ்வாய்க்கிழமை மறந்துவிடும்.

4. சைடு டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. டிரம்மின் சடசடப்பு அவற்றால் வருவதுதான். பக்கத்தில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் கம்பி தோலை விட்டு விலகும். தலைமை சிஸ்டர் பேசும்போது, பாதர் ஜெபம் சொல்லும்போது அதைத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சும்மா நின்றாலும் மைக் சத்தத்துக்கு டிரம் தானாக முணுமுணுக்கும். எத்தனையோ ஆண்டு விழாக்களில் விருந்தினர் பேச்சுக்கு நடுவே அந்தக் கரகரப்பைக் கேட்டிருக்கிறேன். எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் திட்டுவார்கள்.

5. பியூகிளை ஊதுவது என்கிறோம். உண்மையில் அது உதட்டை அதிர வைப்பது. சின்ன வயதில் குதிரை மாதிரி "பர்ர்" என்று விளையாடியிருப்பீர்களே, அதை உதட்டை இறுக்கிச் செய்யுங்கள். முதல் வாரம் பியூகிளே வேண்டாம், ஊதுவாய் மட்டும் போதும். கன்னம் உப்பக் கூடாது. வாயில் அழுத்திப் பிடித்தால் மேல் சுரம் சீக்கிரம் வரும். உதட்டில் வளையம் மாதிரித் தழும்பும் வரும், பத்து நிமிஷத்தில் உதடு மரத்தும் போகும். ஐந்து நிமிஷம் ஊதினால் ஐந்து நிமிஷம் ஓய்வு. அடுத்தவன் ஊதுவாயை வாங்கி ஊதாதீர்கள். ஒருவனுக்குச் சளி பிடித்தால் வரிசை முழுக்க இருமும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கைக்குட்டையில் சுற்றி, உங்கள் பையில் வையுங்கள்.

6. பியூகிளில் பொத்தான் இல்லை, துளை இல்லை. உதடு மாறினால்தான் சுரம் மாறும். பிள்ளைகள் சாதாரணமாக எடுக்க முடிகிறவை ஐந்து நிலைகள்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. ஐந்து நிலை என்றாலும் சுரம் மூன்றுதான். ரியும் இல்லை, மவும் இல்லை. அதனால்தான் அதில் ஜன கண மன வாசிக்க வராது. சினிமாப் பாட்டும் வராது. "எங்க பையன் ரெண்டு மாசமா ஊதுறான், ஒரு பாட்டு வாசிக்கல" என்று வருத்தப்படும் அப்பாமார்களுக்கு இதைச் சொல்லித் தாருங்கள். பாட்டு வேண்டும் என்றால் குழல் பக்கம் வர வேண்டும்.

7. இனி நாட்காட்டி. பள்ளி நிகழ்ச்சிகள் முன்கூட்டித் தெரிந்தவைதான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் திடீரென்று வந்த மாதிரி எல்லாரும் ஓடுவார்கள். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஜூலை 26 பனிமய மாதா கோவில் கொடியேற்றம், ஆகஸ்டு 5 திருவிழா. ஆகஸ்டு 15. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம்; அன்னை தெரசாவின் திருநாளும் அன்றுதான். நவம்பர் 14 குழந்தைகள் தினம். நவம்பர் 22 இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் நாள். இதைப் பள்ளிகளில் யாரும் கண்டுகொள்வதில்லை, நான் மட்டும் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுப்பேன். பிறகு கிறிஸ்துமஸ் விழா, ஜனவரி 26, விளையாட்டு விழா.

ஜூனில் சேர்ந்த பிள்ளை இவற்றில் எதில் நிற்கலாம்? ஜூலையில் வேண்டவே வேண்டாம். ஆகஸ்டு 15இல் நடக்கலாம். முக்கோணம், தாளம் அடிக்கலாம். டிரம் குழந்தைகள் தினத்துக்கு. குழல் கிறிஸ்துமசுக்கு. இதற்கு முன்னால் யார் கேட்டாலும் மாஸ்டர் மறுக்க வேண்டும், வீட்டார் அவர் பக்கம் நிற்க வேண்டும். நான் ஒருமுறை மறுக்காமல் விட்டேன். ஒரு பள்ளியில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று, சேர்ந்து மூன்று வாரமே ஆன பிள்ளைகளைச் சீருடை போட்டு வாசலில் நிறுத்தினோம். அவர் வர இரண்டு மணி நேரம் தாமதம். வெயிலில் ஒரு பெண் குழந்தை மயங்கி விழுந்தது. அவர் வந்தபோது நாங்கள் வாசித்ததை வாசிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பிள்ளை மறுநாள் முதல் பேண்டுக்கு வரவில்லை. அவள் கை நல்ல கை.

8. தேசிய கீதத்துக்கு முன்னால் டிரம் உருட்டுவது அலங்காரத்துக்கு அல்ல. கீதம் வரப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிவிக்க. அதற்கு மத்திய அரசின் விதி இருக்கிறது. மெதுநடையில் ஏழு அடி வைக்கும் நேரம் உருட்ட வேண்டும். மெல்லத் தொடங்கி, முடிந்த மட்டும் பெரிதாக ஏறி, மறுபடி பழைய மெல்லிசைக்கு இறங்க வேண்டும். ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். அப்புறம் ஒரு அடி அமைதி. அதன் பிறகுதான் கீதம். முழுக் கீதம் ஏறத்தாழ 52 விநாடி.

அந்த ஒரு அடி அமைதிதான் கஷ்டம். ஏழு அடி உருட்டியவன் கை நிற்காது. குழல்காரன் மூச்சை இழுத்துவிட்டான், அவனாலும் பொறுக்க முடியாது. இருபது பேர் ஒரே நேரத்தில் ஒன்றுமே செய்யாமல் இருக்க ஜூலை முழுக்கப் பழக வேண்டும். நான் அதை மட்டும் தனியாக எடுத்துப் பயிற்சி கொடுப்பேன்: உருட்டு, நிறுத்து, "ஒன்று" என்று மனசுக்குள் சொல், தொடங்கு. வராந்தாவில் போகிற டீச்சர்கள் சிரிப்பார்கள்.

9. நிகழ்ச்சி தொடங்குவது தமிழ்த்தாய் வாழ்த்தில். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். மோகனத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும். டிரம் பிள்ளைகளே, உங்கள் கை இரண்டு இரண்டாக நடந்து பழகிய கை. பாட்டோ மூன்று மூன்றாகப் போகிறது. சும்மா இருக்கட்டும் என்று தொடையில்கூடத் தட்டாதீர்கள். பக்கத்தில் பாடுகிறவள் தடுமாறிப் போவாள். குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாய்விட்டுப் பாடுங்கள். குழல் பிள்ளைகள் வீட்டில் வாசித்துப் பழக அது நல்ல மெட்டு. மோகனத்தில் சுரம் ஐந்துதான்.

10. கோவிலுக்குள் எதை வாசிக்கலாம் என்பது பழைய வழக்கு. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், டிரம், தாளம் மாதிரிச் சத்தக் கருவிகள் கோவிலுக்குள் கூடாது என்றார், பேண்டுக்கும் தடை. வெளியே பவனியில் போகலாம், அதற்கும் ஆயர் அனுமதி வேண்டும். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கதவைக் கொஞ்சம் திறந்தது: ஆர்கனுக்கு முதலிடம், வழிபாட்டுக்குப் பொருந்துகிற மற்றக் கருவிகளுக்கும் அனுமதியோடு இடம். நம் ஊரில் நடைமுறை எளிது. கோவில் வாசல்படி வரை வாசியுங்கள். படியில் கால் வைத்ததும் நிறுத்துங்கள். உள்ளே பாடகர் குழு இருக்கிறது, அவர்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள். ஆகஸ்டு 15இல் இது முக்கியம். காலையில் கொடி, அப்படியே மாதாவின் விண்ணேற்புத் திருப்பலி. மைதானத்தில் வாசித்த கையோடு கோவிலுக்குள்ளும் டமடம என்று நுழைந்த வருஷம் உண்டு.

தவக்காலத்தில் பேண்டு பெட்டிக்குள். அந்த நாற்பது நாளும் திருப்பலியில் கருவி என்பது பாட்டைத் தாங்குவதற்கு மட்டும். தனியாக இசைக்கக் கூடாது. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. டிரம் தோலைத் தளர்த்தி, திருகுகளுக்கு எண்ணெய் போட்டு, பித்தளையைத் துடைத்து வைக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

11. ஒரு வருஷத்துக்கு மூன்று மெட்டு போதும். ஒரு நடை மெட்டு, ஒரு மாதா பாட்டு, தேசிய கீதம். பிள்ளைகள் புதுப்படப் பாட்டு கேட்பார்கள். விளையாட்டு விழாவுக்கு ஒன்று கொடுக்கலாம், நானும் ஒன்றும் கல்மனசுக்காரன் இல்லை. ஆனால் குழல் பழக வேறொரு புதையல் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டைப் பக்கம் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்பார்கள். இங்கிலாந்து ராஜாவின் கீதத்துக்குக்கூட ஒன்று உண்டு. எல்லாம் சங்கராபரணச் சுரத்தில், கமகம் இல்லாமல் நேராகப் போகும். பத்து வயதுப் பிள்ளை விரலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

12. பவனிக்கும் கொடியேற்றத்துக்கும் வெறும் வயிற்றோடு வராதீர்கள். இரண்டு இட்லியாவது.

13. வீட்டாருக்கு. பெண் பிள்ளை ஊதக் கூடாது, வாய் கோணிப்போகும் என்று சொல்லி என்னிடமிருந்து ஏழெட்டு நல்ல பியூகிள்காரிகளைக் கூட்டிப் போயிருக்கிறீர்கள் அம்மா. யாருக்கும் கோணவில்லை. டிரம் அடித்தால் படிப்பு போகும் என்று காலாண்டுத் தேர்வு மார்க்கைக் காட்டிச் சண்டைக்கு வந்த அய்யாமாரும் உண்டு. செப்டம்பரில் தேர்வுக்காக இரண்டு வாரம் லீவு கேளுங்கள், மாஸ்டர் தருவார். நிறுத்தாதீர்கள். சாயங்காலம் நாலு மணிப் பயிற்சி ஐந்துக்கு முடியும். நாலே முக்காலுக்கு வந்து கேட்டில் நின்று கை காட்டாதீர்கள். கடைசிக் கால் மணி நேரத்தில்தான் எல்லாரும் சேர்ந்து வாசிப்பது. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அவரவர் தனிச் சத்தம்.

14. திங்கட்கிழமை முதல் வகுப்பு. கான்வாஸ் ஷூ, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய பனியன் துணி கொண்டுவாருங்கள். டியூப் பலகை அடுத்த வாரம் பார்க்கலாம். ஸ்டோர் ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். பெரிய டிரம்மின் இடது பக்கத் திருகு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. புது மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன்.