கப்பல் கார் சொல்லும் பாடம்



"அண்ணே, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஆட்டோமொபைல் பத்தி எழுதுங்க. ஆனா பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்று சங்கத்துத் தம்பிகள் கேட்டுக் கொண்டார்கள். நானும் இந்தப் பாலிடெக்னிக்கில் பெஞ்சு தேய்த்தவன்தான். ஆகவே மறுக்க மனமில்லை. எனக்குப் பிடித்த பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி, கையில் கிரீஸ் பட்டுத் தெரிந்து கொண்டதை எழுதுகிறேன். நடுவில் இரண்டு சின்னக் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், மார்க் கிடையாது!

வேப்ப மரத்தடி வண்டி

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் என் அப்பா மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஷெட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே நிற்கும். சொந்தக்காரர் "வரேன் வரேன்" என்று சொல்லியே பல வருஷம் வரவில்லை. பின் சீட்டில் கோழி முட்டையிடும். நாங்கள் முன் சீட்டில் ஏறி பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர் என்று வாயாலேயே ஓட்டுவோம்.

ஊரில் அதைக் 'கப்பல் கார்' என்பார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு 'பிளஷர்'. அப்பாவோ, "வண்டின்னா அதுதாண்டா வண்டி! லாரியே வந்து மோதினாலும் ஒரு நெளிசல், அவ்வளவுதான்" என்பார். அதற்குச் சாட்சியாக, பூந்தமல்லி ஹைரோட்டில் லாரி மேல் மோதிய ஒரு பழைய அமெரிக்க வண்டியின் கதையையும் சொல்வார். பம்பரை நிமிர்த்தி, ரேடியேட்டரை மாற்றி, ஒரே வாரத்தில் ரோட்டில் விட்டாராம். அந்தக் கதையைப் பெருமையோடு பல தடவை கேட்டிருக்கிறேன். அதன் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படி வந்தது, ஏன் நின்றது?

ஃபோர்டு கம்பெனி 1926-லேயே இந்தியாவில் கால் வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கியது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும், இங்கே முடுக்கி ரோட்டில் விடுவார்கள். சுதந்திரம் வந்த காலத்தில் பம்பாய் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லர் கூட்டோடு டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டியது. கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸில் ஸ்டூடிபேக்கர்.

1953-ல் அரசு ஒரு முடிவெடுத்தது: இங்கேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டுபவர்கள் நடையைக் கட்டலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள் மூட்டை கட்டின. அடுத்த ஜனவரியில், 1955-ல், நம்ம ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அந்தக் காற்றில் கப்பல் காருக்கு இடமில்லை.

அதனால் ஏற்கெனவே ரோட்டில் இருந்த வண்டிகளுக்குப் புது ஸ்பேர் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. முப்பது நாற்பது வருஷம் அவற்றை ஓட வைத்தது கம்பெனி அல்ல, அப்பா மாதிரி மெக்கானிக்குகள்தான். இன்றும் நம் மெக்கானிக்குகள் டிஸ்டிரிபியூட்டரை 'டெல்கோ' என்றுதானே சொல்கிறார்கள்? அது ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர். 1912-ல் கெடிலாக் காருக்கு முதன்முதலில் செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்து கொடுத்த சார்லஸ் கெட்டரிங்கின் கம்பெனி. வண்டி போனாலும் வார்த்தை போகவில்லை!

பானெட்டைத் திறந்தால்...

புதுக் காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். கிங்ஸ்வேயைத் திறந்தால் பாடப் புத்தகத்துப் படமே தெரியும். உள்ளே இறங்கி நின்றே வேலை செய்யலாம் போல அவ்வளவு இடம்.

ஆறு சிலிண்டர் ஒரே வரிசை. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். இதுதான் சைடு வால்வு எஞ்சின். ஹெட் என்பது வெறும் மூடி. போல்ட்டைக் கழற்றினால் தட்டு மாதிரி தூக்கி வைத்துவிடலாம். கார்பன் சுரண்டி, வால்வு கிரைண்டிங் போட்டு, சாயந்தரத்துக்குள் மூடிவிடுவார் அப்பா.

சௌகரியம் இருக்கிற இடத்தில் சங்கடமும் உண்டு. எரியும் அறை பிஸ்டன் மேலேயும் வால்வு மேலேயும் பரந்து கிடப்பதால் கம்ப்ரஷனை ஏற்ற முடியாது. ஏழுக்கு ஒன்று என்பதே அதிகம். 3.6 லிட்டர் எஞ்சின் சுமார் 97 குதிரைத் திறன்தான் கொடுத்தது. இன்றைக்கு 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினே 80-ஐத் தாண்டுகிறது. ஆனால் குறைந்த கம்ப்ரஷனால் ஒரு லாபம்: மட்டமான பெட்ரோலையும் அது முணுமுணுக்காமல் குடித்தது.

அடுத்தது எலக்ட்ரிக். 6 வோல்ட் பேட்டரி, அதுவும் பாஸிட்டிவ் எர்த். 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். கரண்ட் இரட்டித்தால் ஒயரும் தடிமனாக வேண்டும். அது தெரியாமல் சன்ன ஒயரைப் போட்டுவிட்டு, "அந்தக் கால வண்டி, லைட்டு மங்கல்தான்" என்பார்கள். குறை வண்டியிலா, ஒயரிலா? பெரும்பாலான அமெரிக்கக் கம்பெனிகள் 1955-56 வாக்கில் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, நான் அடி வாங்கிக் கற்றது. கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. சுழலும்போது தளர்ந்துவிடக் கூடாது என்று அப்படி வைத்தார்கள். நான் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு முடுக்கிக் கொண்டிருந்தேன். பின்னந்தலையில் ஒன்று விழுந்தது. "கை வைக்கறதுக்கு முன்னாடி கண்ணை வைடா!" இதைவிட நல்ல ஒர்க் ஷாப் பாடம் எனக்கு எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை.

டீசல் ஏற்றிய கதை

இந்த வண்டிகள் லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். 1973-ல் உலகம் முழுக்க எண்ணெய் விலை ஏறியதும் பிளஷர் வைத்திருந்தவர்களுக்கு வயிறு கலங்கியது. உடனே டீசல் எஞ்சின் ஏற்றும் வேலை சூடு பிடித்தது. செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்க்கின்ஸ் எஞ்சின் நமக்குக் கூப்பிடு தூரம். டாட்ஜ் உடம்பு, பெர்க்கின்ஸ் இதயம்!

"எஞ்சின் மாத்தினா சரியாப் போச்சு" என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. ஒரு கணக்குப் பார்ப்போம். டயர் சுற்றளவு 2.23 மீட்டர், பின் ஆக்ஸில் விகிதம் 3.9, டாப் கியர் நேரடி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் 3600 சுற்று: 3600 ÷ 3.9 × 2.23 = நிமிடத்துக்கு 2058 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 123 கி.மீ.

டீசல் எஞ்சின் 2400 சுற்று: 2400 ÷ 3.9 × 2.23 = 1372 மீட்டர். மணிக்கு சுமார் 82 கி.மீ.

ஆக, ஆக்ஸிலை மாற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் வண்டி கத்தும், ஓடாது. எஞ்சின் கனம் கூடுவதால் முன் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்டீயரிங் கல்லாகும். பழைய ஷெவர்லே, ஃபோர்டு வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. வைப்பர் மோட்டார் எஞ்சினின் வேக்குவத்தில் ஓடும். பெரும்பாலான டீசல் எஞ்சினில் அந்த வேக்குவம் கிடையாது. ஐப்பசி மழையில் வைப்பர் அசையாமல் நிற்கும். டிரைவர் ஒரு கையை வெளியே நீட்டித் துணியால் துடைத்துக் கொண்டே போவார். ஒரு பாகத்தை மாற்றினால் அது எதனோடெல்லாம் உறவு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். குடும்பத்துக்கும் இது பொருந்தும், காருக்கும் பொருந்தும்.

"இரும்புடா அது!"

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

டிப்ளமா முடித்த வருஷம் அவர் மறுபடி அந்தக் கதையை ஆரம்பித்தார். பம்பர் நிமிர்த்தியது, ரேடியேட்டர் மாற்றியது... நான் சும்மா கேட்டேன்: "ஓட்டினவருக்கு என்னப்பா ஆச்சு?"

அப்பா ஸ்பேனரைத் துடைத்துக் கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் பொழைக்கலடா. ஸ்டீயரிங் நெஞ்சுல இறங்கிடுச்சு. வண்டிக்குத்தான் ஒண்ணும் ஆகல" என்றார்.

அத்தனை வருஷமும் அந்தக் கதையில் வண்டி மட்டுமே இருந்தது. மனுஷன் இல்லை. அன்று முதல் 'பழைய வண்டி பலமான வண்டி' என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

காரணத்தைக் கணக்கிலேயே காட்டுகிறேன். மணிக்கு 64 கி.மீ. என்பது விநாடிக்கு 17.8 மீட்டர். வண்டி நின்றாலும் பெல்ட் போடாத மனிதன் அதே வேகத்தில் முன்னால் போவான். அவன் 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், வேகத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: புவியீர்ப்பைப் போல சுமார் 160 மடங்கு. அதுவே வண்டியின் மூக்கு மடங்கி, பெல்ட்டும் பிடித்து, 60 செ.மீ. தூரத்தில் நின்றால் 27 மடங்குதான். மடங்குகிற தகரம் அவமானம் இல்லை, அதுதான் உயிர். இப்படி வேண்டுமென்றே மடங்கும் முன்பகுதியை யோசித்தவர் மெர்சிடிஸ் கம்பெனியின் பேலா பாரெனி. 1959-ல் அது காராக வெளிவந்தது.

ஆனால் மூக்குதான் மடங்கணும், ஆள் உட்காரும் அறை மடங்கக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1959 மாடல் ஷெவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் ஷெவர்லே மாலிபுவையும் 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் ஓரமாக மோத விட்டது. கப்பல் காரின் அறை நசுங்கி, ஸ்டீயரிங் பொம்மை டிரைவர் மேல் வந்தது. நிஜ ஆளாக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புது வண்டியின் டிரைவருக்குக் காலில் சின்னக் காயத்தோடு போயிருக்கும்.

இது அமெரிக்கர்களுக்கே தாமதமாகத்தான் உறைத்தது. 1956-ல் ஃபோர்டு கம்பெனி சீட் பெல்ட்டைக் கூடுதல் காசுக்குக் கொடுத்தது. 1965-ல் ரால்ஃப் நாடர் கார்களின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினார். 1966-ல் சட்டம் வந்தது. நெஞ்சில் குத்தாமல் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு 1967 மாடல்களில் வந்தது. அதே காலத்தில் பிரேக்கும் இரட்டை வழியானது. அதற்கு முன் பெரும்பாலான வண்டிகளில் ஒரு ஹோஸ் அறுந்தால் நாலு சக்கரமும் கைவிடும். "பலமான வண்டி வேணும்" என்பவர்களிடம் நான் சொல்வது: "டாங்க் ஆவடியில பண்றாங்க. கார் டாங்க் இல்ல!"

நாம் என்ன செய்யலாம்?

பழைய வண்டியை வெறுக்கச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்த சைடு வால்வு எஞ்சின் சத்தம் கேட்டால் கால் நின்றுவிடும். கோயம்புத்தூர் போனால் அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தைப் பாருங்கள். கையால் தொட்டுப் பழக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். எளிமையாக, கை நுழைகிற மாதிரி, கழற்றிப் பூட்டுகிற மாதிரி செய்வது எப்படி என்பதை அந்த வண்டிகளிடம்தான் கற்க வேண்டும். இன்றைய மூடி போட்ட வண்டிகள் அதை மறந்துவிட்டன.

மறு பாதியையும் கற்க வேண்டும். யாராவது கப்பல் காரைச் சீர்படுத்தக் கொண்டு வந்தால் பெயிண்ட்டுக்கு முன் பிரேக் ஹோஸைப் பாருங்கள். குரோம் பூச்சுக்கு முன் சீட் பெல்ட் மாட்ட இடம் தேடுங்கள். சொந்தக்காரர் முகம் சுளித்தாலும் சொல்லுங்கள்.

நம் சுற்றுவட்டாரம் சாதாரண இடமல்ல. பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தவைதான் நம் ஊரை மோட்டார் ஊராக்கின. 2023-ல் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை வந்தது. அதிலும் வேகம் அதே 64 கி.மீ.தான். பூந்தமல்லி தாண்டி ஒரகடத்திலேயே சோதனைக் கூடம் இருக்கிறது. உங்களில் சிலர் நாளை அங்கே வேலைக்குப் போகலாம்.

அப்போது ஒரு வண்டி மோதி நின்றதும், முதலில் பம்பரைப் பார்க்காதீர்கள். டிரைவர் சீட்டைப் பாருங்கள். அந்தக் கதையை இத்தனை பக்கம் சுமந்து வந்தது இதைச் சொல்லத்தான்.

வாழ்த்துகளுடன்,
ஆட்டோமொபைல் பிரிவு முன்னாள் மாணவன்