ஒரு காது மட்டும் கேட்காதவருக்கு எந்த மெஷின்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில்லிலோ பிரஸ் ஷாப்பிலோ வேலை பார்ப்பவருக்கு ஒரு காது போய்விட்டால், அதை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். ஷாப்பில் எல்லோருமே கையைக் காட்டியும் வாயசைவைப் பார்த்தும்தான் பேசிக்கொள்கிறார்கள். அங்கே குறை தெரியாது. இடது காது போயிருந்தால், வீட்டில் இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். போன் எப்போதும் வலது காதிலேயே இருக்கும். குரல் கேட்டாலும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடுவார்.

அடுத்து வருவது எந்த மெஷின் வாங்கலாம் என்ற கேள்வி. அதற்கு முன் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

நேற்றுவரை கேட்ட காது இன்று காலை அடைத்துக்கொண்டது என்றால் அது அவசரம். சளி அடைப்பு என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலோ மூன்று நாட்களுக்குள்ளோ நரம்புச் செவிடு வரும் நோய் ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது முக்கியம். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அன்றைக்கே போய்விடுங்கள்.

இரண்டாவது, மில் சத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. ஆலைச் சத்தம் பொதுவாக இரண்டு காதையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கெடுக்கும். ஒரு காது மட்டும் போயிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்: சிறுவயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, தலையில் பட்ட அடி, நாள்பட்ட சீழ், அபூர்வமாகச் செவி நரம்பில் வளரும் கட்டி. கட்டி இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். செவிப்பறை ஓட்டைபோல அறுவையில் சரியாகக்கூடிய குறையாக இருந்தால் மெஷினே தேவைப்படாமல் போகலாம்.

இனித் தேர்வுக்கு வருவோம். கடைக்காரர் ஆடியோகிராம் என்ற ஒரு தாளை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சத்தம் எத்தனை டெசிபலில் கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தத் தாள் சொல்லும். கெட்ட காதில் சொற்கள் எத்தனை சதவீதம் புரிகின்றன என்று ஆடியாலஜிஸ்ட் தனியாகச் சோதிக்க வேண்டும். உங்களுக்கு எந்த வகை மெஷின் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

சொல் ஓரளவு புரிகிறது, சத்தம்தான் குறைவு என்றால் அந்தக் காதிலேயே சாதாரண மெஷின் மாட்டிக்கொள்ளலாம். விலை குறைவு, இரண்டு காதும் வேலை செய்யும், திசையும் ஓரளவு திரும்பக் கிடைக்கலாம். சொல்லே புரியாத காதில் மாட்டினால் சத்தம் மட்டும் பெருகும். எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் அந்தக் காதில் பேச்சைத் தெளிவாக்க முடியாது. ஒற்றைக் காது போனவர்கள் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிடும் மெஷின்களில் இந்த வகை நிறைய.

முழுதும் போன காதுக்கு உள்ள முதல் வழி கிராஸ். 1960களிலேயே வந்த யோசனை இது. இன்று வயர் இல்லாமல் வருகிறது. கேட்காத காதின் பின்னால் ஒரு மைக் பிடிக்கும் ஒலியை, கேட்கும் காதில் உள்ள கருவி வாங்கித் தருகிறது. கேட்காத பக்கத்திலிருந்து வரும் பேச்சைத் தலையே மறைத்துவிடுகிறது. ச, ப, த போன்ற மெல்லிய ஒலிகள்தான் அதில் அதிகம் அடிபடும். கிராஸ் அந்த மறைப்பைத் தாண்டி ஒலியைக் கொண்டுவருகிறது. நல்ல காதிலும் கொஞ்சம் குறை இருந்தால் பைகிராஸ் என்ற வகையைக் கேளுங்கள். பல வருடம் ஷாப்பில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பொருந்தும். இரண்டு துண்டும் ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் மாடலாக இருக்க வேண்டும் என்பதால், விலை ஒரு மெஷினோடு நிற்காது.

கிராஸ் தராத ஒன்று திசை. இடப்பக்கம் வரும் லாரியின் ஹாரன் வலது காதில்தான் கேட்கும். ஜி.என்.டி. ரோட்டைக் கடக்கும்போது கண்ணைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு குறை: கேட்காத பக்கத்தில் இரைச்சல் இருந்தால் அதையும் அள்ளி வந்து நல்ல காதில் கொட்டிவிடும். கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடம் உங்கள் கெட்ட காதின் பக்கம் இருந்தால், மைக்கை அணைத்துவிடுவதே மேல்.

ஷாப்புக்குள் இதில் எதையும் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நம் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருக்கும் வரம்பு, எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். அந்தச் சத்தத்தை மெஷின் இன்னும் பெருக்கித் தரக்கூடும். அணைத்துவிட்டுக் காதில் வைத்திருப்பதும் இயர் பிளக் ஆகாது. மிச்சம் இருப்பது நல்ல காது ஒன்றுதான். அதற்கு நல்ல இயர் பிளக்கோ மஃப்போ கட்டாயம். அதைப் போட்டால் ஃபோர்க்லிஃப்ட் வருவதும் கிரேன் சைரனும் கேட்காதே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் கெட்ட காதின் பக்கம் சுவரோ தூணோ வரும்படி இடம் மாற்றித் தரச் சொல்லியும், சைரனோடு சுழல் விளக்கு வைக்கச் சொல்லியும் சூப்பர்வைசரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கூச்சப்படாதீர்கள், உடன் நிற்பவர்களின் பாதுகாப்பும் அதில் இருக்கிறது.

அடுத்த வழி எலும்பு வழியாகக் கேட்பது. காதின் பின்னால் உள்ள எலும்பில் பட்ட அதிர்வு மண்டையோட்டின் வழியே மறுபக்கத்து உள்காதுக்குப் போய்விடும். இதற்கு அந்த உள்காது நன்றாக இருக்க வேண்டும். கருவியை மாட்ட எலும்பில் திருகு பதிக்க அறுவை வேண்டும். அதற்கு முன் தலைப்பட்டையில் மாட்டிச் சோதித்துப் பார்க்கலாம். காதில் சீழ் வருபவர்களுக்கு, காதை அடைக்காத இது நல்ல வழி. நாள் முழுக்க ஹெல்மெட் போடுபவருக்கு அதன் பட்டை கருவியில் இடிக்கும். சோதிக்கும்போதே ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இதுவும் திசை தராது.

முழுதும் போன காதையும் சேர்த்து இரண்டு காதாலும் கேட்கும் திறனைத் திரும்பத் தர முயல்வது, உள்காதில் பதிக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒற்றைக் காதுக்கு இதை 2019இல் அனுமதித்தார்கள். ஓயாத காது இரைச்சலும் பலருக்கு இதில் குறைகிறது. செவி நரம்பு நன்றாக இருக்க வேண்டும், காது போய் அதிக வருடம் ஆகியிருக்கக் கூடாது. செலவு லட்சங்களில். முதலமைச்சர் காப்பீட்டில் இது இரு காதும் கேட்காத சிறு குழந்தைகளுக்கானது.

பணம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஊனச் சதவீதக் கணக்கில் நல்ல காதுக்கு ஐந்து பங்கு, கெட்ட காதுக்கு ஒரு பங்கு. ஒரு காது முழுதாகப் போனாலும், மறு காது நன்றாக இருந்தால் 17 சதவீதத்தைத் தாண்டாது. 40 சதவீத ஊனம் இருக்க வேண்டும் என்ற விதி உள்ள இலவச மெஷின் திட்டங்கள் கிடைக்காது. நடைமுறையில் உள்ள வழி இ.எஸ்.ஐ. காது மெஷின் அதில் உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பொருந்தும். அயனாவரம் அல்லது கே.கே. நகர் மருத்துவமனையில், எந்த வகை மெஷின், ஏன் என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு கேளுங்கள்.

எதையும் சோதிக்காமல் வாங்காதீர்கள். இரண்டு மூன்று வாரமாவது வீட்டுக்குத் தரச் சொல்லுங்கள். முதலில் அமைதியான அறையில் ஒருவரோடு பேச்சு, பிறகு டிவி, அதன் பிறகு ஷிப்ட் பஸ்ஸும் புறநகர் ரயிலும். ஆரம்பத்தில் குக்கர் விசிலும் மிக்ஸியும் எரிச்சலூட்டும். உங்கள் குரலே உங்களுக்கு அந்நியமாக ஒலித்தால், நல்ல காதில் போடும் முனை திறந்த வகையா என்று பாருங்கள். அடைப்பு முனை, நன்றாகக் கேட்கும் காதையும் மூடிவிடும். மெஷின் போடும் நேரத்தைத் தினமும் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போங்கள். பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்றும் வியர்வையும் மெஷினைச் சீக்கிரம் கெடுக்கும். இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் வரிசை மாறும். கிராஸை எப்போது அணைப்பது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. கேட்கும் காது ஆசிரியரை நோக்கி இருக்கும்படி முன் இருக்கை, ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய வயர்லெஸ் மைக், வருடம் ஒரு முறை நல்ல காதுக்குச் சோதனை: இந்த மூன்றிலிருந்து தொடங்கலாம்.