என்.பி.ஏ. 2கே விளையாட்டில் அணி அமைத்தல்: கபடிக் களம் தரும் பாடங்கள்

1999 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் என்.பி.ஏ. 2கே என்னும் வீடியோ கேம் தொடரில், ஆடுபவருக்குப் பந்தைத் தட்டிச் சென்று கூடையில் போடும் வேலையோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் அணியொன்றுக்கு மேலாளராக அமர்ந்து, யாரை வாங்குவது, யாரை விடுவிப்பது, யாரை எத்தனை நிமிடம் களத்தில் நிறுத்துவது என்று அவரே முடிவு செய்கிறார். அவ்வாறு உருவாகும் ஆட்டக்காரர் பட்டியல் ரோஸ்டர் எனப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்திலுள்ள அரிமளம் போன்ற ஊர்களில் கபடி பார்த்து வளரும் இளைஞருக்கு இந்தப் பணி முற்றிலும் அன்னியமானதன்று. பாடிச் செல்லும் ரைடர், ஓரத்தைக் காக்கும் கார்னர், அவருக்கு அடுத்து நிற்கும் கவர் என ஏழு பேருக்கும் தனித்தனி வேலை இருப்பதையும், ஏழு ரைடர்களை மட்டும் சேர்த்தால் அது அணியாகாது என்பதையும் அவர் முன்பே அறிவார்.

விளையாட்டைத் தொடங்கும் எவரையும் முதலில் ஈர்ப்பது ஓவரால் என்னும் ஒட்டுமொத்த மதிப்பெண்ணாகும். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உச்சமாக 99 வரை வழங்கப்படும் இந்த எண், தொலைவிலிருந்து எறிதல், கூடையருகே புள்ளி எடுத்தல், பந்தை வழங்குதல், தடுப்பாட்டம், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டு, உடல்திறன் ஆகியவற்றைக் குறிக்கும் பல உட்கூறுகளிலிருந்து கணக்கிடப்படுவதால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவர் முற்றிலும் வேறுபட்ட வேலைகளுக்கு உரியவர்களாக இருக்கக்கூடும். எனவே அனுபவமுள்ளவர்கள் ஒருவரைச் சேர்க்கும் முன் உட்கூறுகளின் பக்கத்தைத் திறந்து பார்த்து, அணியில் இப்போது இல்லாத எதை அவர் கொண்டுவருகிறார் என்று கேட்கிறார்கள்.

மதிப்பெண்ணையும் புகழையும் மட்டும் கூட்டிப் பார்ப்பதால் விளையும் தீங்குக்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான சான்று உண்டு. 2017இல் புரோ கபடி லீக்கில் நுழைந்த தமிழ் தலைவாஸ் அணி, 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் ஆகிய மூன்று பெரும் பெயர்களை ஒருங்கே வைத்திருந்தும், பன்னிரண்டு அணிகளில் கடைசி இடத்தையே பெற்றது. 2022இல் ரைடர் பவன் செஹ்ராவத்தை அதுவரை எவருக்கும் தரப்படாத 2.26 கோடி ரூபாய்க்கு அது ஏலத்தில் எடுத்தது. ஓர் அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையே 4.4 கோடியாக இருந்த நிலையில், அதில் பாதிக்கும் மேல் ஒருவருக்கே போயிற்று. அந்த ஒருவரோ முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து பருவம் முழுவதற்கும் களத்தை விட்டு விலக நேர்ந்தது. ஆயினும், புதிய இளம் ஆட்டக்காரராகச் சேர்க்கப்பட்டிருந்த நரேந்தர் 200க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளை எடுத்துப் பாடும் சுமையை ஏற்றதாலும், சாகர் ராட்டியும் சாஹில் குலியாவும் இரு கார்னர்களிலும் உறுதியாக நின்றதாலும், பருவத்தின் நடுவே பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஆஷன் குமார் அவர்களை ஒழுங்குபடுத்தியதாலும், தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது. மூன்று நட்சத்திரங்கள் சேர்ந்து தராத வெற்றியை, நட்சத்திரத்தை இழந்த பின்னும் தத்தம் இடத்துக்குப் பொருந்திய இளைஞர்கள் தந்தார்கள் என்பதே இதில் உற்று நோக்கத்தக்கது.

இந்தப் பாடத்தைக் கூடைப்பந்துக்குக் கொண்டுசெல்லும்போது ஐந்து இடங்களின் வேலையை அறிவது இன்றியமையாததாகிறது. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் பாயின்ட் கார்டு. தொலைவிலிருந்து எறிவதில் வல்லவர் ஷூட்டிங் கார்டு. பக்கவாட்டில் தாக்குவதும் தடுப்பதும் ஸ்மால் ஃபார்வர்டின் பணி. பவர் ஃபார்வர்டும் சென்டரும் பெரும்பாலும் கூடையடியைக் காப்பவர்கள். ஐவரும் கூடையருகே மட்டும் புள்ளி எடுக்கத் தெரிந்தவர்களானால் எதிரணித் தடுப்பாளர்கள் அங்கேயே திரண்டு வழியை அடைத்துவிடுவார்கள். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியக்கூடிய இருவரோ மூவரோ இருந்தால், அவர்களைக் காக்கத் தடுப்பாளர்கள் விலகிச் சென்றே ஆகவேண்டும் என்பதால் நடுக்களம் திறந்துகொள்ளும். களத்தில் இவ்வாறு உண்டாக்கப்படும் இடைவெளியே ஸ்பேசிங் எனப்படுகிறது. இதனால், தொலைவிலிருந்து எறியவும் எதிராளியைத் தடுக்கவும் தெரிந்த நடுத்தர மதிப்பெண் ஆட்டக்காரர், பந்து கையில் இருந்தால் மட்டுமே பயன்படும் உயர்ந்த மதிப்பெண்காரரைவிடப் பல அணிகளுக்கு உதவியாக அமைகிறார்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஊதிய வரம்பு, அதாவது ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு வழங்கும் மொத்தச் சம்பளத்துக்கு விதிக்கப்படும் எல்லை. என்.பி.ஏ. விதிகளின்படி பத்தாண்டு அனுபவமுடைய ஒருவர் இந்த வரம்பில் 35 விழுக்காடு வரை பெறலாம்; அத்தகைய இருவரைச் சேர்த்தால் மீதமுள்ள 30 விழுக்காட்டுக்குள் ஏனைய இடங்களை நிரப்பும் நெருக்கடி உருவாகிறது. மேலும், முப்பது வயதைக் கடந்தவர்கள் பலரின் மதிப்பெண் பருவந்தோறும் சரியத் தொடங்குவதை விளையாட்டு காட்டுவதால், நீண்ட ஒப்பந்தங்களை வளரும் இளைஞர்களுக்கும் குறுகிய ஒப்பந்தங்களை மூத்தவர்களுக்கும் ஒதுக்குவதே நலம்.

மாற்று ஆட்டக்காரர்களின் தேவையை எளிய கணக்கே உணர்த்தும். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் ஐவர் என்பதால் மொத்தம் 240 நிமிடங்கள் பகிரப்பட வேண்டும். தொடக்க ஐவர் ஒவ்வொருவரும் 36 நிமிடம் ஆடினாலும் 60 நிமிடங்கள் எஞ்சுகின்றன. அவற்றைத் தகுதியற்றவர்களிடம் விட்டால் முன்னணியினர் சேர்த்த புள்ளிகள் கரைந்துபோகும். முன்னணியினரையே கூடுதலாக ஆடவைத்தாலோ களைப்பில் அவர்களின் எறிதல் தவறத் தொடங்கும். 2013-14 பருவத்தில் சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் எவருமே சராசரியாக 30 நிமிடத்தை எட்டவில்லை. அந்த அணியே இறுதித் தொடரில் மயாமி ஹீட்டை 4-1 என்ற கணக்கில் வென்று என்.பி.ஏ. கோப்பையைப் பெற்றது.

ஆகவே அணி அமைப்பவர் முதலில் ஆட்டத்தை நடத்துபவரையும் கூடையடியைக் காப்பவரையும் உறுதி செய்து, அவர்களைச் சுற்றி எறியவும் தடுக்கவும் வல்லவர்களை நிறுத்தி, ஊதியத்தில் ஒரு பகுதியை மூன்று நான்கு நல்ல மாற்று ஆட்டக்காரர்களுக்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். பருவம் தொடங்கும் முன், பட்டியலிலுள்ள தொடக்க ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் முறையே நீக்கிப் பார்த்து, அவர் இல்லாத நாளில் அந்த வேலையை யார் செய்வார் என்னும் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். பெயர் கிடைக்காத இடமே அடுத்த வாங்கலுக்குரிய இடம் என்று கொண்டால், கையிலுள்ள பணத்தை எங்கே செலவிடுவது என்ற குழப்பமும் அத்துடன் தீர்ந்துவிடும்.