மூடிய கதவும் மக்களாட்சியும்

வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்தால், அது நல்ல முடிவேயானாலும் பிள்ளைகளின் மனம் அதை முழுதாக ஏற்பதில்லை. பல நாடுகள் கூடி அமைத்த ஆட்சிக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றில் இதனைக் காண்போம்.

போரில் அழிவுற்ற ஐரோப்பாவில், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் 1951-ல் நிலக்கரி, எஃகுத் தொழில்களைப் பொது அதிகாரத்தின்கீழ் வைக்க உடன்பட்டன. போர்க்கருவிக்கு வேண்டிய பொருள்கள் பொதுவானால் மீண்டும் போர் மூளாது என்பது அவர்கள் எண்ணம். இன்று ஒன்றியத்தில் 27 நாடுகள் உள்ளன.

அங்கே சட்டம் எவ்வாறு பிறக்கிறது? ஆணைக்குழு முன்மொழியும், நாடாளுமன்றமும் அமைச்சர்கள் மன்றமும் பெரும்பாலும் சேர்ந்து நிறைவேற்றும். அந்நாடாளுமன்றத்திற்கு மக்கள் நேரே வாக்களித்தது 1979-ல்தான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்ட சிமோன் வேய் அம்மையார் அதன் தலைவரானார் என்பது மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ஆனால் அமைச்சர்கள் மன்றமோ நெடுங்காலம் மூடிய அறையிலேயே சட்டம் இயற்றிற்று. எந்த அமைச்சர் எப்பக்கம் நின்றார் என்பதை மக்கள் எளிதில் அறிய இயலவில்லை. ஊர் திரும்பியதும் பழியை ஒன்றியத்தின்மேல் போட்டுவிடலாம் அல்லவா? 1992 ஜூனில் டென்மார்க் மக்கள் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தை மிகச் சிறிய வேறுபாட்டில் மறுத்தனர். சில விலக்குகள் கிடைத்தபின், 1993-ல்தான் அதனை ஏற்றனர். மக்களைக் கூட்டிக்கொண்டு போகாமல் ஒன்றியம் வளர முடியாது என்பதைத் தலைவர்கள் உணர்ந்தனர்.

2001-ல் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டமாயிற்று. 2009 டிசம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின்படி, அமைச்சர்கள் மன்றம் சட்ட வரைவுகளை விவாதித்து வாக்களிக்கும்போது வெளிப்படையாகக் கூடவேண்டும்.

குறை முற்றும் தீர்ந்ததா? இல்லை. மூன்று அமைப்புகளின் பேராளர் கூடி வரைவைச் சமரசப்படுத்தும் கூட்டங்கள் இன்றும் மூடிய அறையிலேயே நடைபெறுகின்றன. விட்டுக்கொடுத்துப் பேசச் சற்றுத் தனிமை வேண்டும் என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு. ஆயினும் யார், எதற்காக விட்டுக்கொடுத்தார் என்பதைப் பின்னரேனும் மக்கள் அறிதல் வேண்டும்.

மக்களுக்கும் கடமை உண்டு. 2014 தேர்தலில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேரே வாக்களித்தனர். கதவு திறந்திருந்தும் பார்ப்பார் இல்லையெனில் பயன் யாது? வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று பணிவோடும் துணிவோடும் கேட்கப் பழகுவோம். நாளை நாட்டிற்கும் அப்பழக்கம் உதவும்.