ஸ்விட்சுகளை வினவி அறியும் முறை

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்று அனுப்பும் செய்தியை உரிய மற்றொன்றிற்குச் சேர்ப்பிக்கும் கருவி ஸ்விட்சு எனப்படும். ஒரே ஸ்விட்சாயின், அதன் விளக்குகளைக் கண்ணாற் கண்டே நிலையை ஒருவாறு அறியலாம். பல கட்டடங்களில் நூற்றுக்கணக்காக அவை அமைந்தவிடத்து நேரிற் சென்று பார்த்தல் இயலாது. வெவ்வேறு கம்பெனியார் செய்த கருவிகளின் கட்டளைகளும் வெவ்வேறாம். ஆதலின் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானதொரு வினாவிடை முறை அவசியமாயிற்று. அதுவே எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை. கேஸ், பெடோர், ஷாப்ஸ்டால், டேவின் என்னும் நால்வர் எழுதிய இதன் விதிகள் 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தன. இதன் இயல்பையும், இதனைக் கையாளுவோர் ஏமாறும் இடங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இம்முறையில் வினவுவோன் மானேஜர். விடை கூறுவோன் ஏஜெண்டு. மானேஜர் என்பது மேற்பார்வை செய்யும் கம்ப்யூட்டரில் இயங்கும் நிரல். ஏஜெண்டு ஸ்விட்சின் உள்ளேயே இயங்கும் சிறு நிரல். அறியத்தக்க ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்தொடர் உண்டு. சான்றாக, 1.3.6.1.2.1.2.2.1.8 என்பதனோடு போர்ட்டின் வரிசை எண்ணைச் சேர்த்து வினவினால், 1 என்னும் விடை அப்போர்ட்டு இயங்குகிறதென்றும், 2 என்பது இயங்கவில்லையென்றும் காட்டும். ஸ்விட்சை எவர் செய்திருப்பினும் இவ்வெண் மாறாது. இதுவே பொது நெறியின் பெரும் பயன்.

போர்ட்டின் வழியே எவ்வளவு செய்தி செல்கிறதென்பதை அறிவதில் கவனம் வேண்டும். ஏஜெண்டு வேகத்தைக் கூறுவதில்லை. மின்சார மீட்டரைப்போல மொத்தத்தையே கூறும். முதன்முறை 40,00,000 பைட் என்றும், 300 விநாடி கழித்து 4,15,00,000 பைட் என்றும் விடை வருமாயின், வேற்றுமை 3,75,00,000. அதனை 300-ஆல் வகுத்து 8-ஆற் பெருக்க, விநாடிக்குப் பத்து லட்சம் பிட் என்பது பெறப்படும்.

பழைய எண்ணி 32 பிட் அளவினது. 4,29,49,67,295 என்னும் எல்லையை அடைந்தபின் அது பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்கும். விநாடிக்கு நூறு கோடி பிட் செல்லும் போர்ட்டு நிறைந்து ஓடுமாயின், 35 விநாடிக்குள் எண்ணி ஒரு சுற்றை முடித்துவிடும். ஐந்து நிமிஷத்துக்கொருமுறை வினவுவோன் இடையே நேர்ந்த பல சுற்றுக்களை அறியான். மிக நெருக்கமான வழியை ஓய்ந்திருப்பதாகவே எண்ணுவான். இதனை விலக்கவே பிற்காலத்தில் 64 பிட் எண்ணிகள் ஏற்பட்டன. விரைந்த போர்ட்டுகளுக்கு அவற்றையே வினவல் வேண்டும். ஸ்விட்சு அணைந்து மீண்டும் எழுந்தாலும் எண்ணிகள் முதலிலிருந்து தொடங்கக்கூடும். ஆகவே அது எழுந்து எவ்வளவு காலமாயிற்றென்பதையும் உடன் வினவுதல் நன்று.

வினவாமலே ஏஜெண்டு தானாக அனுப்பும் அறிவிப்பும் உண்டு. அதற்கு டிராப் என்று பெயர். போர்ட்டு ஒன்று அறுந்தவுடன் அது செய்தி அனுப்பும். ஆயினும் அச்செய்தி சேர்ந்ததற்கு ரசீது இல்லை. வழியிற் காணாமற் போதலும் கூடும். மின்சாரம் முற்றும் இழந்த ஸ்விட்சு தன் மரணத்தைத் தானே அறிவிக்கவும் மாட்டாது. ஆதலின் மௌனத்தை நலமென்று கொள்ளுதல் தவறு. அறிவிப்பை எதிர்பார்ப்பதோடு அமையாமல், காலந்தவறாது வினவிக்கொண்டும் இருத்தல் வேண்டும்.

இந்நெறிமுறையாற் கேட்பது மட்டுமன்றி மாற்றவும் இயலும். செட் என்னும் கட்டளையாற் போர்ட்டை மூடலாம், திறக்கலாம். தான் வந்த வழியாகிய போர்ட்டையே மூடியவன் அதனைத் திறக்க நேரிற் செல்ல நேரிடும். முதலிரண்டு பதிப்புகளில் அடையாளச் சொல் மறைவின்றியே செல்லும். பல கருவிகள் ‘பப்ளிக்’ என்னும் யாவரும் அறிந்த சொல்லோடே விற்கப்பட்டன. அதனை மாற்றாதவன் வீட்டைப் பூட்டித் திறவுகோலை வாயிலிலே தொங்கவிட்டவனை ஒப்பான். 2002-ஆம் ஆண்டு டிஸம்பரில் முழு நியமமாக வெளிவந்த மூன்றாம் பதிப்பு, வினவுவோனை உறுதிசெய்யவும் செய்தியை மறைத்து அனுப்பவும் வழி வகுத்தது. இயன்றவிடமெல்லாம் அதனையே கொள்ளுக. மாற்றும் உரிமையை மிகச் சிலர்க்கே அளிக்க.

ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை முடிவு வைத்தியரைச் சென்றடைவதும் ஒரு ஸ்விட்சின் போர்ட்டைப் பொறுத்திருத்தல் கூடும். கருவி பொய் கூறுவதன்று. கூறியதன் பொருளை நாம் பிறழ உணர்தலே தீங்கு விளைப்பது. ஆகவே இக்கலை பயிலும் மாணவர், வினவக் கற்பதோடு விடையை அளந்தறியவும் கற்பாராக.