நனோ துகளும் இன்சுலினும்

கேள்வி: மகளுக்கு முதலாம் வகைச் சலரோகம். நனோ துகள் ஏற்றினால் இன்சுலினை நிறுத்தலாமாமே?
– ஒரு தாய், கல்லடி

பதில்: நிறுத்திவிடாதீர்கள் அம்மா, ஒரு நாள்கூட. அந்த நனோ துகள் ஆய்வு உண்மைதான். அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழுவினர், தானாகக் கரையும் தையல் நூலின் பொருளில் துகள் செய்து, உடல் தவறாகப் பகைக்கும் புரதத்தை அதற்குள் வைத்தார்கள். மண்ணீரலும் ஈரலும் அதை இறந்த கலத்தின் குப்பையாக எடுத்துக்கொள்ளும். குப்பையோடு யார் சண்டை பிடிப்பார்? அந்தப் புரதத்தின் மீதான பகை மட்டும் தணியும். மற்ற நோயெதிர்ப்பு அப்படியே இருக்கும்.

இம்முறை மனிதரில் நம்பிக்கை தந்தது சீலியாக் நோயில், அதாவது பாண், ரொட்டியிலுள்ள கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் நோயில். 2019இல் வெளியான முடிவின்படி, துகள் ஏற்றிய நோயாளிகளுக்கு 14 நாள் அப்புரதத்தை உண்ணக் கொடுத்தும் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. சலரோகம் சிக்கலானது: அங்கே பகைக்கப்படும் புரதங்கள் பல. மேலும், இன்சுலின் சுரக்கும் கலங்களை நோயெதிர்ப்பு பெரும்பாலும் அழித்தபின்தான் நோயே தெரியவருகிறது.