கடைக் கணிப்பொறியும் கணக்குப் பாதுகாப்பும்

வர்த்தகனுக்குக் கணக்கே கண். இதை நம் வர்த்தகச் சகோதரர்களுக்கு விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. முன்னாட்களில் அந்தக் கணக்கு நாள்வழியிலும் பேரேட்டிலும் இருந்தது. கடையடைக்கும் நேரத்தில் கணக்கப்பிள்ளை அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் முதலாளி நிம்மதியாக வீடு செல்லலாம். இன்றோ ஜவுளிக்கடையாயினும், மளிகைக்கடையாயினும், நாணய மாற்றுக்கடையாயினும், உணவுக்கடையாயினும் கணக்கு முழுவதும் மேசைமீதுள்ள கணிப்பொறிக்குள் சென்றுவிட்டது. சரக்கிருப்பு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, சிப்பந்திகளின் சம்பளம், வரி விவரம் யாவும் அதனுள் அடக்கம்.

இக்கணக்கைப் பேணி வைப்பது சட்டம் விதித்த கடமையுமாகும். வரிக்குரிய கணக்குகளை மலேசியாவில் 7 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளும் வைத்திருக்க வேண்டும். மலேசியாவில் 2024 ஆகஸ்டு 1 முதல் மின் விலைப்பட்டியல் முறையும் விற்பனைத் தொகையின் அளவுப்படி படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. "யந்திரம் கெட்டுவிட்டது, கணக்கும் போய்விட்டது" என்ற சமாதானம் வரி அதிகாரியிடமும் செல்லாது. நமக்குச் சரக்குத் தந்தவரிடமும் செல்லாது. ஆதலின் பேரேட்டைப் பூட்டி வைக்கத் தெரிந்த நாம், கணிப்பொறியைப் பேணும் முறையையும் ஓரளவு கற்றுக்கொள்வது அவசியமாகிறது.

முதலில் அறிய வேண்டியது

கடைக் கணிப்பொறியில் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று யந்திரம், இரண்டாவது அதை இயக்கும் மென்பொருள், மூன்றாவது நாம் எழுதி வைத்த கணக்கு. யந்திரம் கெட்டால் பணம் கொடுத்து வேறு வாங்கலாம். மென்பொருள் கெட்டால் மறுபடியும் பதித்துக் கொள்ளலாம். கணக்கு அழிந்தால் அதை விற்கும் கடை உலகில் எங்குமில்லை.

இந்த வேற்றுமையை மறப்பதினால்தான் பெரும்பாலான நஷ்டங்கள் நேருகின்றன. யந்திரம் மெதுவாக ஓடுகிறது என்று பழுது பார்ப்பவரிடம் கொடுக்கிறோம். அவர், "ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார், நாமும் தலையசைக்கிறோம். ஃபார்மட் என்பது ஏட்டிலுள்ள எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டு வெற்றேடாக்குவதைப் போன்றது. மாலையில் யந்திரம் புதிது போல் ஓடும். ஆனால் கணக்கு இராது. ஆகையால் எந்தப் பழுதுக்கும் முதல் வேலை கணக்கைப் பிரதியெடுப்பதே. "என் எழுத்து மூலமான அனுமதியின்றி எதையும் அழிக்கக்கூடாது" என்று பழுது பார்க்கக் கொடுக்கும் ரசீதிலேயே எழுதிவிடுதல் நலம்.

பழுதின் இடத்தைக் காணுதல்

நேற்று ஓடிய யந்திரம் இன்று ஓடவில்லையென்றால், இடையில் மாறியது என்ன என்று கேட்க வேண்டும். புதிதாக ஏதேனும் பதித்தார்களா? மேசையை நகர்த்தினார்களா? இரவு இடி மின்னல் இருந்ததா? திரையில் தோன்றும் பிழைச் செய்தியை உடனே மூடிவிடாமல் கைத்தொலைபேசியால் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிலுள்ள எண் பழுது பார்ப்பவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால், சரியான பின்னும் எது காரணம் என்று தெரியாது.

விசையை அழுத்தியும் சிறிதும் உயிர் இல்லையென்றால், அதே மின்துளையில் வேறொரு விளக்கையோ விசிறியையோ செருகிப் பார்க்கவும். பெட்டியின் பின்புறமுள்ள சிறு விசை அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். மின்கம்பியை மாற்றிப் பார்க்கவும். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், திரையின் கம்பி தளர்ந்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால், உள்ளேயுள்ள ரேம் என்னும் நினைவுத் தகடு தன் இடத்தில் சரியாக அமராமலிருக்கலாம். அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே பல யந்திரங்கள் உயிர் பெறுவதுண்டு.

பெட்டியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, விசையைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டுவிட்டே உள்ளே கை வைக்க வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கக்கூடும். ஆனால் மின்சாரம் வழங்கும் உட்பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்கலாகாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

கணிப்பொறியில் தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிச் சென்றால் கவலைப்பட வேண்டாம். உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்றுண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். அது தீர்ந்துவிட்டது என்பதே பொருள். அற்ப விலையுள்ள அதை மாற்றாவிட்டால் பில்லில் தவறான தேதி ஏறும். வங்கியின் இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும்.

தூசி, சூடு, மின்னல்

நம் நாடுகளின் சீதோஷ்ணமும் நம் கடைகளின் இயல்பும் கணிப்பொறிக்கு அனுகூலமானவையல்ல. ஜவுளிக்கடையில் நூல் தூசி. மளிகைக்கடையில் மசாலாத் தூள். உணவுக்கடையில் எண்ணெய்ப் புகை. இவை விசிறியிலும் வெப்பம் தணிக்கும் தகட்டிலும் படிந்தால் சூடு வெளியேறாது. சூடு மிகுந்தால் யந்திரம் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணையும். நடுப்பகலில் தானாக அணையும் கணிப்பொறியை "வைரஸ்" என்று சந்தேகிக்குமுன், பின்புறத்துத் தூசியைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை காற்று அடித்துத் தூசியை நீக்கலாம். அப்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரத்துணி கூடாது. பெட்டியைத் தரையிலும் சுவரோடு ஒட்டியும் வையாமல், காற்றோட்டமாகச் சற்று உயரத்தில் வைக்க வேண்டும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் இடி மின்னல் மிகுந்த இடங்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டுமின்றி, இணையக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். ஆதலின் கடையடைக்கும்போது இரண்டையும் பிடுங்கி வைப்பதே பத்திரம். மின்சாரம் திடீரென நிற்கும்போது எழுதிக்கொண்டிருந்த கணக்குக் கோப்பு பாதியில் சிதையக்கூடும். இதற்கு யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி உதவும். அது தரும் சில நிமிஷங்கள், கணக்கை மூடி யந்திரத்தை முறைப்படி அணைப்பதற்கே, வியாபாரத்தைத் தொடர்வதற்கல்ல.

கணக்கு குடியிருக்கும் தட்டு

ஹார்டு டிஸ்க்கில் "டிக், டிக்" என்ற புதிய ஓசை கேட்டாலும், கோப்புகள் திறக்க நெடுநேரம் ஆனாலும் அது மரண அறிகுறியாக இருக்கலாம். அப்போது பழுது நீக்கும் கட்டளைகளை ஓட்டிப் பார்ப்பது தவறு. நலிந்த தட்டை அவை மேலும் அலைக்கழிக்கும். உடனே கணக்கை வேறிடத்தில் பிரதியெடுத்துவிட்டு யந்திரத்தை அணைக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனும் புதுவகைத் தட்டில் ஓசையே இராது. அது முன்னறிவிப்பின்றியும் நின்றுவிடும். ஆகவே ஓசை இல்லையென்று நிம்மதியடைவதற்கில்லை.

மென்பொருளின் நோய்கள்

மென்பொருள் தகராறு செய்தால் முதல் மருந்து, யந்திரத்தை முறைப்படி அணைத்து மீண்டும் தொடங்குவது. அதனால் தீராவிட்டால், தட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் நிரம்பிவிட்டால் எல்லா வேலையும் தடுமாறும். புதிதாக எதையோ பதித்த பின்னரே தொல்லை தொடங்கியதென்றால், விண்டோஸில் உள்ள பழைய நிலைக்குத் திரும்பும் வசதியைப் பயன்படுத்தலாம். அவ்வசதி முன்கூட்டியே இயக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும்.

திருத்தங்களைத் தள்ளிப்போடுவதின் விளைவை 2017-ம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு மே 12-ம் தேதி வான்னாகிரை என்னும் வைரஸ் பரவத் தொடங்கி, 150-க்கு மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டுப் போட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. இதில் வருந்தத்தக்கது யாதெனில், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்களே பெரிதும் சிக்கினர்.

இன்னும் விண்டோஸ் 10 பயன்படுத்தும் கடைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. திருட்டுப் பிரதியாகக் கிடைக்கும் கணக்கு மென்பொருளையும் தவிர்க்க வேண்டும். பூட்டை உடைத்துத் தந்தவன் உள்ளே என்ன வைத்தான் என்று நமக்குத் தெரியாது. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணிப்பொறியில் வைரஸ் உள்ளது" என்று எவரேனும் தாமாகத் தொலைபேசியில் அழைத்தால், அழைப்பைத் துண்டித்துவிடுக. அந்நிறுவனம் அவ்விதம் அழைப்பதில்லை.

பிரதியெடுக்கும் முறை

கணக்கு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் கடைக்கு வெளியே இருக்க வேண்டும். தீயும் திருட்டும் கடையிலுள்ள எல்லாவற்றையும் ஒருங்கே கொண்டுபோகும் என்பதே இதன் காரணம். வெளித்தட்டுகள் இரண்டை வாங்கி, ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று என மாற்றி மாற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். பிரதி எடுத்ததும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால், யந்திரத்தைப் பிடிக்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது கோப்பை வெறுமனே நகலெடுத்தால் அது அரைகுறையாக அமையலாம். மற்றச் சிப்பந்திகள் வெளியேறிய பின், அந்த மென்பொருளிலேயே உள்ள பிரதியெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இணையத்தில் தானாக ஒத்திசையும் வசதி மட்டும் போதாது. இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய தட்டுக்குக் கடவுச்சொல் இடுவதும் அவசியம்.

எல்லாவற்றினும் முக்கியமானது, எடுத்த பிரதியைத் திறந்து பார்ப்பது. மாதம் ஒரு முறை வேறொரு கணிப்பொறியில் அதை ஏற்றி, கடைசி பில்லின் எண்ணும் பாக்கித் தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவும். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போன்றது.

பயிற்சி வினாக்கள்

1. கணக்கின் கடைசிப் பிரதி எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது?
2. அது இப்போது எங்கே, யார் கையில் உள்ளது?
3. அதைக் கடைசியாகத் திறந்து சரிபார்த்தவர் யார்?
4. இந்த நிமிஷம் யந்திரம் நின்றால், நாளைக் காலை எத்தனை மணிக்குப் பில் போட முடியும்?
5. முதலாளி ஊரில் இல்லாதபோது இவற்றைச் செய்யத் தெரிந்த சிப்பந்தி ஒருவரேனும் கடையில் உண்டா?

இவ்வினாக்களைக் கணக்கப்பிள்ளையிடம் இன்றே கேட்டு, விடைகளை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டி வைப்பது நலம். எந்த வினாவுக்கு விடை வரவில்லையோ, அந்த வேலையிலிருந்து நாளை தொடங்கலாம்.